எழுந்து போன பன்னிரண்டாவது கோடு

“நூத்தி நாப்பத்திரண்டு பேரோட இறங்கி வந்த விமானத்தை ஒரே ஒரு பெட்ஷீட்டை உதறி, காக்காயை விரட்டுற மாதிரி விரட்டிவிட்டவ நான்!”

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துப் பெரியக்கா இப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தபோது அதை நம்பியவர் உலகத்தில் ஒரே ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும், துணி துவைக்கும் இயந்திரம் சுற்றிச் சுற்றி அக்காவின் தலையையும் சேர்த்துச் சுற்றிவிட்டது என்றார்கள். நம்பிய அந்த ஒருத்தி, அன்றைக்கு அந்த விமானத்தின் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த துணை விமானி.

துணை விமானிக்கு அப்போது தோளில் மூன்று பட்டை. நான்காவது பட்டை ஏறினால் கேப்டன். அதற்காக ஒன்பது வருடம் காத்திருந்தாள். எழுதவேண்டிய தேர்வையெல்லாம் எழுதி, ஓட்டிக் காட்டவேண்டியதையெல்லாம் ஓட்டிக் காட்டி, கடைசி நேர்காணலுக்குப் பன்னிரண்டே நாள் பாக்கி. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவள் கணவர் அதற்குள்ளாகவே அவளைக் ‘கேப்டனம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் பலகையில் இருந்த எழுத்தை வாசித்தார்களோ இல்லையோ, அவர் பெண்டாட்டியின் வாழ்க்கை வரலாற்றை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்தார்கள்.

துணை விமானிக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் எண்ணுவாள். மாடிப்படியை எண்ணுவாள், சட்டைப் பொத்தானை எண்ணுவாள், கணவரின் குறட்டையையும் ஒருநாள் எண்ணி முந்நூற்றுப் பதினாறில் அசந்து தூங்கிப்போனாள். ஆகாயத்திலும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. ஓடுபாதையின் வாசலில் நீளநீளமாக வெள்ளைக் கோடுகள் போட்டிருப்பார்கள், வரிக்குதிரையைக் குப்புறப் படுக்கவைத்தது போல. பாதை எவ்வளவு அகலம் என்பதைக் கோடுகளின் எண்ணிக்கை சொல்லும். அவர்கள் வழக்கமாக இறங்கும் பாதைக்குப் பன்னிரண்டு. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அவள் உதட்டுக்குள்ளேயே ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பன்னிரண்டு வந்ததும் ஒரு மூச்சு விடுவாள்.

“ராத்திரி யாராவது வந்து ரெண்டு கோட்டைத் திருடிட்டுப் போயிடுவாங்கன்னு பயமாம்மா?” என்று கேப்டன் கிண்டல் செய்வார்.

“இருக்கட்டுமே கேப்டன். எண்ணினா குறைஞ்சா போயிடும்?”

இந்தக் கேப்டனுக்கு விமான நிலையம் முழுக்க ‘நேர்கோட்டார்’ என்று பெயர். முப்பத்தோரு வருடத்தில் ஓடுபாதையின் நடுக்கோட்டை விட்டு ஒரு சாண்கூட விலகி இறங்கியதில்லை என்பது அவர் பெருமை. அவர் வகிடு நேர், மீசை நேர். வீட்டுச் சுவரில் மாட்டிய படம் அரை விரற்கடை சாய்ந்திருந்தால் அவருக்குச் சோறு தொண்டையில் இறங்காது. கொத்தனார்கள் மட்டப்பலகையை மறந்து வந்துவிட்டால் அவரைக் கூப்பிட்டு மீசையை வைத்துச் சுவர் பிடிப்பார்கள் என்று பேச்சு.

அந்தக் காலை, இறங்குவதற்கு விமானங்களுக்கு வழிகாட்டும் வானொலிக் கதிர் பழுது பார்ப்பதற்காக நிறுத்தப்பட்டிருந்தது. அது இருந்தால் இடமா வலமா, மேலா கீழா என்று கருவியின் முள் காட்டிக்கொடுக்கும். இல்லாவிட்டால் கண்தான். மணி எட்டு நாற்பது. எதிரே வெயில். பூமிக்கு மேலே பால் ஆடை மாதிரி ஒரு மெல்லிய மூட்டம். அந்த ஆடையைக் கிழித்துக்கொண்டு பளிச்சென்று முன்னால் தெரிந்தது ஓடுபாதை.

“அதோ! கண்ணாடி மாதிரி கிடக்கு பாரு” என்றார் நேர்கோட்டார். “கண்ணு முன்னால நிக்கிறப்போ கருவிப் பெட்டியை எதுக்குப் பாக்கணும்?”

அவளுக்கும் தெரிந்தது. நீளம் சரி, திசை சரி. வாசலில் வெள்ளைக் கோடுகள் அப்போதுதான் பூசியது போல மின்னின. சக்கரங்களை இறக்கினாள். இறங்கலாம் என்று கட்டுப்பாட்டுக் கோபுரமும் சொல்லிவிட்டது. விமானம் பாதைக்கு நேராக வழுக்கிக்கொண்டு வந்தது. அவள் எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று… பன்னிரண்டு. மூச்சு விட்டாள்.

ஏனோ மறுபடி ஒரு தரம் எண்ணத் தோன்றியது. பத்து, பதினொன்று.

“கேப்டன், பதினொண்ணு.”

“என்ன பதினொண்ணு?”

“கோடு. பதினொண்ணுதான் இருக்கு. வலது ஓரத்துக் கோடு…” அவள் கண்ணைக் கொட்டினாள். முப்பது மீட்டர் நீளமான அந்த வெள்ளைக் கோடு ஒரு முனையில் தலையைத் தூக்கியது, நெளிந்தது, எழுந்தது, பாதையை விட்டுப் புல்லுக்குள் ஓடியது. “அது எழுந்து போகுது! கோ அரவுண்ட்!”

விமானம் ஓட்டுகிறவர்களிடையே ஒரு சட்டம் உண்டு. ‘கோ அரவுண்ட்’, அதாவது இறங்காமல் மேலே ஏறிச் சுற்றி வா, என்று இருவரில் எவர் வாயிலிருந்து வந்தாலும் மற்றவர் காரணம் கேட்கக்கூடாது. முதலில் மேலே போகவேண்டும். சண்டை, சமாதானம் எல்லாம் மேலே போய். நேர்கோட்டாருக்கு அவள் சொன்னது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் கை தானாக விசையைத் தள்ளிவிட்டது. அறுபது டன் இரும்பு உறுமிக்கொண்டு நிமிர்ந்தது. தரைக்கும் சக்கரத்துக்கும் இடையில் அப்போது முந்நூறே அடி.

மேலே போன பிறகுதான் இருவரும் ஒரே நேரத்தில் தூரம் காட்டும் எண்ணைப் பார்த்தார்கள். அவர்கள் இறங்கவேண்டிய விமான நிலையம் இன்னும் ஆறு கிலோமீட்டருக்கு அப்பால், மூட்டத்துக்குப் பின்னால், சமர்த்தாகக் காத்துக்கொண்டிருந்தது. அவர்கள் இறங்கப் பார்த்தது இருபது வருடத்துக்கு முன்னால் மூடிவிட்ட பழைய ஓடுபாதை. அதே திசை, ஏறக்குறைய அதே நீளம். நடுவில் இடுப்பளவு ஒரு பள்ளம் வேறு.

நேர்கோட்டாரின் மீசை முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் கோணியது.

*

சுற்றி வந்து சரியான பாதையில் இறங்கி, பயணிகள் எல்லாரும் ‘நன்றி, நல்ல பயணம்’ என்று சொல்லிவிட்டுப் போனபின் இருவரும் அறிக்கை எழுத உட்கார்ந்தார்கள்.

“இதை இப்படி எழுதிடலாம்மா” என்றார் நேர்கோட்டார் மெதுவாக. “பாதை மாறினதைக் கருவியைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டோம், திரும்பிட்டோம். ரெண்டு வரி. யாரும் கேள்வி கேக்கமாட்டாங்க.”

“கருவியைப் பாக்கலையே கேப்டன். நீங்களும் பாக்கல, நானும் பாக்கல.”

“சரி. அதுக்காகக் கோடு எழுந்து ஓடிச்சுன்னு எழுதுவியா? உன் நேர்காணல் என்ன ஆகும்?”

அவளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். பேனாவை எடுத்தாள், வைத்தாள், மூடியைக் கடித்தாள். கருவி காப்பாற்றியது என்று எழுதிவிட்டால் அந்தப் பழைய பாதைப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். கோடு அங்கேயே மின்னிக்கொண்டு கிடக்கும். நாளைக்கு எண்ணத் தெரியாத ஒருவன் வருவான்.

எழுதினாள்: ‘தூரம் காட்டும் எண் கண்ணெதிரே இருந்தும் நான் பார்க்கவில்லை. அது என் தவறு. ஓடுபாதை வாசலின் பன்னிரண்டாவது கோடு எழுந்து போனதைக் கண்டே திரும்பச் சொன்னேன்.’

நேர்கோட்டார் அதை இரண்டு தடவை வாசித்தார். பெருமூச்சு விட்டார். கீழே கையெழுத்துப் போடாமலே எழுந்து போய்விட்டார்.

*

விசாரணை அதிகாரியை எல்லாரும் ‘அத்தாட்சி அய்யா’ என்பார்கள். காலையில் அவர் மனைவி ‘விடிஞ்சிடுச்சு’ என்று எழுப்பினால்கூட, ‘அத்தாட்சி எங்க?’ என்று கேட்டு ஜன்னலைத் திறந்து பார்த்தபிறகுதான் பல் விளக்குவாராம். மேசையில் பென்சில்கள் உயர வரிசைப்படி நிற்கும். அவர் எதிரில் உட்கார்ந்தால் நிரபராதிக்கும் வியர்க்கும்.

“ஒலிப்பதிவைக் கேட்டேன்” என்றார். “எழுந்து போகுதுன்னு நீங்க கத்தினது இருக்கு. போனதுக்கு அத்தாட்சி எங்க?”

“நான் பாத்தேன் சார்.”

“அது நீங்க சொல்றது. நானே பழைய பாதைக்குப் போய்ப் பாத்தேன். நேத்து மதியம் மூணு மணி. வெளுத்துப்போன பெயின்ட்தான் இருக்கு. மூடின பாதைன்னு காட்டுற பெருக்கல் குறிகூட மழையில கரைஞ்சு, மிச்சத்தைப் புல்லு மூடிடுச்சு. கோடு எதுவும் மின்னல. ஒரு ஆடுதான் நின்னுது.”

“நான் பாத்தது ஆடு இல்ல சார்.”

“முப்பது மீட்டர் நீளத்துக்கு ஆடு கிடையாதுன்னு எனக்கும் தெரியும்!” பென்சில் ஒன்றை எடுத்து வரிசை மாற்றி வைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் அதுதான் அடையாளம். “இங்க பாருங்கம்மா. உங்க மேல எனக்கு விரோதம் ஒண்ணுமில்ல. இல்லாததைப் பாக்குற ஒருத்தரைக் கேப்டன் ஆக்க முடியாது. ஒண்ணு, அந்த வரியை எடுத்துடுங்க. இல்ல, மருத்துவக் குழுவுக்கு உங்களை அனுப்பக் கடிதம் எழுதுறேன். அங்க போனா நேர்காணல் பட்டியல்ல உங்க பேர் இருக்காது. எட்டு நாள் தர்றேன்.”

வீட்டுக்கு வந்தவளைக் கணவர் நேராகக் கடைக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணைப் பரிசோதித்தார். கடைசி வரியை வாசித்தாள். அதற்கும் கீழே அச்சகத்தின் பெயரை வாசித்தாள்.

“உன் கண்ணு இன்னும் கொஞ்சம் நல்லாருந்தா சுவருக்குப் பின்னால இருக்கிறதும் தெரியும்” என்றார் அவர். “வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் உனக்குப் பார்வை பிசகிருக்கு.”

“எப்போ?”

“என்னைப் பெண் பாக்க வரச்சொன்னப்போ.”

அவள் சிரிக்கப் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது. “வரியை எடுத்துடட்டுமாங்க? ஒன்பது வருஷம்…”

அவர் விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“அப்போ அது எங்கயோ இருக்கு. அவர் மதியம் மூணு மணிக்குப் போனார். நீ பாத்தது எத்தனை மணிக்கு?”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

*

மறுநாள் அவளுக்கு விடுமுறை. காலை எட்டரைக்கெல்லாம் கணவரின் ஸ்கூட்டர் பழைய ஓடுபாதை வாசலில் போய் நின்றது. கண்ணெதிரே, தரையில், வெயிலில் கண் கூசும்படி, பன்னிரண்டு வெள்ளைக் கோடுகள்!

அவள் ஓடிப்போய்க் குனிந்து தொட்டாள். ஈரமாக இருந்தது. சோப்பு வாசனை அடித்தது.

“யாரும்மா அது, செருப்போட ஷீட்டுக்கிட்ட வர்றது? ரெண்டு கொதி வச்சு வெளுத்தது!” என்று இடி இடித்தது. புல் மேட்டிலிருந்து இறங்கி வந்தாள் பெரியக்கா. அவள் இடுப்பில் ஒரு துணிக்கூடை இருந்தது. அவள் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. ஒலிபெருக்கி வைத்தால் அது காதைப் பொத்திக்கொள்ளும்.

விஷயம் சின்னது. ஆஸ்பத்திரியின் துணி உலர்த்தும் இயந்திரம் படுத்துவிட்டது. ஒரு நாளைக்கு நூற்றெண்பது விரிப்பு. கொடி கட்ட இடமில்லை. பக்கத்திலேயே சும்மா கிடந்த பழைய ஓடுபாதையைப் பெரியக்கா பிடித்துக்கொண்டாள். ஆனால் தாரில் விரித்தால் வெள்ளைத் துணியில் கறுப்பு அப்பிக்கொள்கிறது.

“பெயின்ட் அடிச்ச இடத்துல மட்டும் கறை படியல தங்கச்சி. தொட்டுப் பாரு, சும்மா வழவழன்னு இருக்கு. அளவெடுத்துத் தச்ச மாதிரி அகலமும் ஒரு ஷீட்டு அகலம்தான். கோட்டுக்குப் பதினஞ்சு ஷீட்டு. காத்துல பறந்துடாம இருக்க முனைக்கு முனை முடிச்சுப் போட்டு விரிச்சிடுவோம். பதினொரு மணிக்குள்ள காஞ்சிடும், சுருட்டிட்டுப் போயிடுவோம்.”

துணை விமானி கணவரைப் பார்த்தாள். கணவர் துணை விமானியைப் பார்த்தார்.

“அக்கா, போன வாரம் ஒருநாள் இந்தப் பக்கம் ஒரு விமானம்…”

“வந்துச்சா இல்லையாவா? என் தலைக்கே வந்துச்சு!” பெரியக்கா கூடையைக் கீழே போட்டாள். கதை சொல்ல இரண்டு கையும் வேண்டியிருந்தது. “தினம் மேல போறதுதானே, கண்டுக்கமாட்டோம். அன்னைக்கு என்னடான்னா காலை நீட்டிக்கிட்டு, மூக்கை எனக்கு நேரா வச்சு, இறங்குது! கூட இருந்ததுக அஞ்சும் குப்புறப் படுத்துட்டாளுக. நான் படுப்பேனா? கையில கிடைச்ச ஷீட்டை உருவி ஆட்டலாம்னு ஓரத்துல இருந்ததை இழுத்தேன். முடிச்சுப் போட்டிருக்கோமே, மறந்துட்டேன். பதினஞ்சும் ரயில் பெட்டி மாதிரி பின்னாலயே வருது! விட்டேனா? அப்படியே இழுத்துக்கிட்டு ஓடினேன். ‘இங்க எங்கடா வர்றே, போடா அந்தப் பக்கம்’னு ஒரு சத்தம் போட்டேன் பாரு, அவ்ளோதான். உறுமிக்கிட்டு மேல போயிட்டான். டிரைவர் மூஞ்சிகூடத் தெரிஞ்சுது. மீசை வச்ச ஆளு. வெலவெலத்துப் போயிட்டான்.”

“பக்கத்துல ஒரு பொம்பளை இருந்தாளாக்கா?”

“இருந்தா. வாயைப் பொளந்துக்கிட்டு.”

“அது நான்தான்.”

பெரியக்கா கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள். அப்புறம் துணை விமானியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கொதி வைத்து வெளுக்கிறவளின் அந்தச் சொரசொரத்த கையால், கன்னத்தைத் தடவினாள். “ஐயோ, நீயா கண்ணு! நல்லாருக்கியா? நான் சொன்னா ஒருத்தனும் நம்பலம்மா. என் கூடப்பிறந்தவனே ‘பெட்ஷீட்டைப் பாத்து விமானம் ஓடுமா’ன்னு சிரிக்கிறான்.”

“என்னையும்தான் நம்பலக்கா.” சொல்லும்போதே அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். எட்டு நாளையும், கடிதத்தையும், நான்காவது பட்டையையும்.

“ஆமா, அத்தனை கூத்துக்கு அப்புறமும் இங்கயேதான் காயப்போடுறீங்களா?” என்று கணவர் கேட்டார்.

“வழி தப்பி வந்தது அவங்க, மாப்பிள்ளை. நான் எதுக்கு இடத்தை மாத்தணும்? அதோ, காவல் போட்டிருக்கேன்ல?” மேட்டின் மேல் ஒரு பெண் சிவப்புப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, எல்லைப் பாதுகாப்புப் படையே தான் ஒருத்திதான் என்பது போல, ஆகாயத்தை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

*

அவர்கள் அங்கே எடுத்து வந்த படங்களை அத்தாட்சி அய்யா பார்த்தார். முடிச்சுகளைப் பற்றிக் கேட்டார். பெரியக்கா ஆகாயத்தை நோக்கிச் சத்தம் போட்ட கதை வந்ததும் பென்சிலை மேசையில் வைத்தார்.

“காதுல பூ சுத்துறதுக்கும் ஒரு அளவு வேணும்மா. துணி காயுது, சரி, ஒத்துக்கறேன். இது தரையில நின்னு எடுத்த படம். மேலயிருந்து பாத்தா துணி துணியாத்தான் தெரியும். பயிற்சி எடுத்த ரெண்டு பேர் அதை ஓடுபாதைன்னு நம்பினாங்களாம். ஒரு அம்மா இழுத்தாங்களாம். அது கோடு எழுந்து போன மாதிரி இருந்துச்சாம். அத்தாட்சி எங்க?”

“மேலதான் சார் இருக்கு. வந்து பாருங்க.”

அப்போது கதவு தட்டப்பட்டது. நேர்கோட்டார் உள்ளே வந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. மேசையில் கிடந்த அறிக்கையை இழுத்து, அவள் எழுதியிருந்ததற்குக் கீழே எழுதினார்: ‘நான்தான் ஓட்டினேன். கண்ணை நம்பிக் கருவியைப் பார்க்காமல் விட்டேன். முப்பத்தோரு வருடத்தில் நான் தவறவிட்ட முதல் பாதை இது. இவள் எண்ணியதால் உயிரோடு இருக்கிறேன்.’ கையெழுத்துப் போட்டார். கோணல் இல்லாமல்.

“ஒரு வாரமா சோறு இறங்கலம்மா” என்றார் அவளிடம். பிறகு அதிகாரி பக்கம் திரும்பி, “நாளன்னைக்கு அதே விமானம், அதே நேரம், நாங்க ரெண்டு பேரும்தான் ஓட்டுறோம். பின்னால பார்வையாளர் இருக்கை காலியாத்தான் இருக்கு. வழிகாட்டுற கதிரையும் சரி பண்ணிட்டாங்க, பயம் இல்ல. வர்றீங்களா?” என்றார்.

“வர்றேன். ஆனா நான் கருவி எதையும் பாக்கமாட்டேன். வெளியே மட்டும்தான் பாப்பேன். ஓடுபாதைக்கும் ஈரத்துணிக்கும் வித்தியாசம் தெரியாத கண்ணா என் கண்ணு?”

பெரியக்காவுக்குத் தகவல் போயிற்று. ‘எட்டு நாற்பதுக்குத் தயாரா இருக்கேன்’ என்றாள். சலவைக்கூடத்தில் அன்று மற்ற வேலை எல்லாம் இரண்டாம் பட்சம். துணிகளுக்கு மூன்று கொதி வைக்கப்பட்டது. நீலம் போட்டதில் பாதி ஊரே வெளுத்திருக்கும்.

*

அந்தக் காலையும் மூட்டம் இருந்தது, எதிர்வெயிலும் இருந்தது. கருவியின் முள் சொன்னபடி விமானம் சரியான உயரத்தில், சரியான வழியில் வந்துகொண்டிருந்தது. பார்வையாளர் இருக்கையில் அத்தாட்சி அய்யா கழுத்தை முன்னால் நீட்டி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். துணை விமானி தன் வேலையை மட்டும் பார்த்தாள்.

“அதோ ஓடுபாதை” என்றார் அவர் பின்னாலிருந்து.

நேர்கோட்டார் முள்ளின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பளிச்சுன்னு தெரியுது. கோடு… பத்து, பதினொண்ணு, பன்னிரண்டு. சரியா இருக்கு.” கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் ஏறியது. “என்ன கேப்டன், இவ்ளோ உயரத்துல வர்றீங்க? பாதை கிட்ட வந்துடுச்சே! இறக்குங்க, தாண்டிடப் போறோம்!”

“சார்” என்றாள் துணை விமானி, தூரம் காட்டும் எண்ணின் மேல் விரலை வைத்து. “நம்ம பாதைக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர் இருக்கு. அது அக்காவோட துணி.”

அவர் எண்ணைப் பார்த்தார். வெளியே பார்த்தார். மறுபடி எண்ணைப் பார்த்தார். சரியாக அந்த நேரத்தில் கீழே, வலது ஓரத்தில், பன்னிரண்டாவது கோடு தலையைத் தூக்கி, நெளிந்து, எழுந்து, புல்லுக்குள் ஓடியது. அதன் முன்னால் எறும்பளவில் ஒரு உருவம் ஓடிற்று. எறும்பு ஒரு கையை ஆகாயத்தை நோக்கி ஆட்டியது.

மூட்டத்துக்குப் பின்னாலிருந்து உண்மையான ஓடுபாதை மெதுவாக எழுந்து வந்தது. அவள் எண்ணினாள். பன்னிரண்டு. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. நேர்கோட்டார் நடுக்கோட்டின் மேல் பூ வைப்பது போல இறக்கினார்.

*

அத்தாட்சி அய்யா அலுவலகத்துக்குப் போகவில்லை. கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு விமானிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு, நேரே பழைய ஓடுபாதைக்கு விட்டார். அங்கே மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு ஏற்கனவே வந்து, பெரியக்காவோடு ஒரு விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்.

“இவர்தானா?” என்றாள் பெரியக்கா, துணை விமானியிடம். பிறகு அவரிடம்: “சார், துணி காயப்போடக் கூடாதுன்னு சொல்லத்தானே வந்தீங்க?”

“கூடாதும்மா. ஆபத்து. இங்க பாதை நெடுக புதுசா ஆறு பெருக்கல் குறி போடணும். மூடின பாதைன்னு வானத்துலேர்ந்து தெரியணும்.”

“எவ்ளோ பெரிசு?”

“பெரிசுதான். ஒவ்வொரு கையும் முப்பது மீட்டருக்கு மேல.”

பெரியக்கா இடுப்பில் கை வைத்து யோசித்தாள். “அகலம் ஒரு ஷீட்டு அகலம் வருமா?”

“வரும். ஏன்?”

“அப்போ அதை நல்ல பெயின்ட்ல வழவழன்னு அடிச்சுக் குடுத்துட்டு, இந்தப் பழைய கோட்டையெல்லாம் சுரண்டி எடுத்துடுங்க. நாங்க அந்தக் குறி மேலயே காயப்போட்டுக்கறோம். உங்க பெயின்ட் மழையில கரைஞ்சாலும் என் ஷீட்டு தினம் தினம் வெளுப்பா இருக்கும். ‘இங்க வராதே’ன்னு காலையில எட்டு மணிக்கெல்லாம் எழுதி வச்ச மாதிரி.”

நேர்கோட்டார் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு மீசை நேரானது. அத்தாட்சி அய்யா பெரியக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருட உத்தியோகத்தில் அவருக்கு இவ்வளவு மலிவாக, இவ்வளவு சரியாக ஒரு யோசனை யாரும் சொன்னதில்லை.

ஒரு விரிப்புக் கட்டின்மேல் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். மருத்துவக் குழுவுக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நேர்காணல் பட்டியலில் ஒரு பெயருக்கு எதிரே பென்சிலால் போட்டிருந்த கேள்விக்குறியை ரப்பரால் அழித்து, துகளை ஊதிவிட்டார். துணை விமானி அந்தத் துகள் காற்றில் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கணவர் அவள் தோளை, நான்காவது பட்டை வரவேண்டிய இடத்தை, ஒரு விரலால் தட்டினார்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ‘அத்தாட்சி’ என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. அவர் பேனாவை எடுத்தார்.

“எழுதுறது இருக்கட்டும் சார்” என்றாள் பெரியக்கா. “அதை நாலு சுவருக்குள்ள வச்சுப் பூட்டிடுவீங்க. என் கூடப்பிறந்தவன் லைன்ல இருக்கான். அவன் கேக்குற மாதிரி வாயால சொல்லுங்க.” அலைபேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“ஹலோ, யாருங்க?” என்றது அலைபேசி. “எங்கக்கா ஏதோ விமானத்தை விரட்டினதா உளறுறா. அதுக்கு என்னங்க அத்தாட்சி?”

அத்தாட்சி அய்யா தொண்டையைச் செருமினார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். வெயிலில் மின்னிக்கொண்டிருந்த பதினொரு கோடுகளையும், பன்னிரண்டாவது இருந்த வெற்று இடத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“நான்தாம்ப்பா அத்தாட்சி” என்றார். “எழுந்து போச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”